ஏழாம் பொருளின் பின்பக்கம்

லிஃப்ட் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘நிதி நெருக்கடியால் லிஃப்ட் இயங்காது. படியேறுவது உடலுக்கு நல்லது.’

“ஆறாவது மாடி அண்ணி” என்றார் மாப்பிள்ளை, முகத்தைத் துடைத்துக்கொண்டு. “போன மாசம் கொலைகாரனப் பிடிக்கப் போனப்பகூட எனக்கு இவ்வளவு மூச்சு வாங்கல.”

“அவன் தரைத்தளத்துல குடியிருந்தான். ஏறுங்க மாப்பிள்ளை.”

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து, தட்டச்சு இயந்திரங்களுக்கே வேலை போன அன்று தானும் வேலை இழந்தவர். மனைவியின் அக்காதான் துப்பறியும் அண்ணி. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு துப்பறியும் நிலையம் திறந்தவர். வீட்டு மாப்பிள்ளை கூப்பிடுகிறாரே என்று வாடிக்கையாளர்களும் ‘அண்ணி’ என்றே கூப்பிட ஆரம்பித்து, அதுவே பெயர்ப்பலகையிலும் ஏறிவிட்டது.

அவர்கள் ஏறிக்கொண்டிருந்தது ஒரு சர்வதேச அமைப்பின் தலைமையகம். போரிலும் புயலிலும் காணாமல் போனவர்களைத் தேடித் தருவது அதன் வேலை. நாற்பத்திரண்டு நாடுகள் உறுப்பினர்கள். பாதிப் பேர் வருஷக்கணக்காகச் சந்தா கட்டவில்லை. ஒவ்வொரு மாடியிலும் மூன்று விளக்குக்கு ஒரு விளக்குத்தான் எரிந்தது. கழிவறை வாசலில் ‘ஒருவருக்கு நான்கு தாள் மட்டும்’ என்று சுற்றறிக்கை. கீழே கையெழுத்து: நிர்வாக இயக்குநர். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிக்கனம்.

சிக்கனத்தின் அறைக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளைக்குக் குளிரில் மயிர்க்கூச்செறிந்தது. ஏசி ஓடியது. காலுக்கடியில் கம்பளம் புசுபுசுவென்று அமுங்கியது. மூலையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு தோல் நாற்காலி.

“யாருக்கு சார் இந்தச் சிம்மாசனம்?” என்றார் மாப்பிள்ளை.

“வரப்போற முதுநிலை ஆலோசகருக்கு. நிதி திரட்டறதுக்குன்னு ஒரு பெரிய பதவி உருவாக்கறோம். இன்னிக்கு ரெண்டு மணிக் கூட்டத்துல, ஏழாம் பொருள்.” சிக்கனம் சிரித்தார். எண்ணி எடுத்த மாதிரி, நாலு பல் மட்டும் தெரிந்தது. “பணமில்லாத அமைப்புக்குப் பணம் கொண்டுவர ஆள் வேணும் இல்லையா?”

“அந்த ஆளுக்குச் சம்பளம்?” என்று கேட்டார் அண்ணி.

“அடித்தளத்துல தேடல் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. நாலு பேர். நாலு மாசமா அங்க கடிதமே வர்றதில்ல. அதை மூடினா இந்தப் பதவிக்குச் சரியா இருக்கும். கொஞ்சம் குறையும், அதுக்கும் வேற வருமானம் பாத்து வெச்சிருக்கேன்.”

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். நேற்று மாலை ஒரு தீவு நாட்டின் பிரதிநிதியம்மா தன் கூட்டக் கோப்பில் ஒரு ரகசியத் தாள் இருந்ததாகச் சொல்லி, அதன் நகலை அனுப்பியிருக்கிறார். முதுநிலை ஆலோசகருக்கு வேண்டிய தகுதிகளின் வரைவு அது. சிக்கனம் நகலை நீட்டினார். மாப்பிள்ளை வாய்விட்டுப் படித்தார்.

“‘வயது ஐம்பத்தெட்டு நிரம்பியிருக்க வேண்டும், ஐம்பத்தொன்பது ஆகியிருக்கக் கூடாது. பாய்மரப் படகுச் சங்கத்தில் பதினோரு ஆண்டு செயலாளராக இருந்திருக்க வேண்டும்.’ சார், காலணி அளவு போட மறந்துட்டீங்க.”

அண்ணி நிமிரவில்லை. அவர் கண், மேசைமேல் இருந்த கல்யாணப் படத்தில் நின்றது. சிக்கனத்தின் மகன், மருமகள், பக்கத்தில் பெண்ணின் அப்பா. அவருடைய கழுத்துப்பட்டை முழுக்கச் சின்னச் சின்ன நங்கூரங்கள்.

“சம்பந்திக்குக் கடல்னா ரொம்பப் பிடிக்குமோ?” என்றார் அண்ணி.

சிக்கனம் படத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். “இந்தத் தாள் பொய்யும்மா. நான் எழுதல. தேடல் பிரிவுத் தலைவி, அட்டையம்மாம்பாங்க, அவங்க அச்சடிச்சுச் சொருகிட்டாங்க. ஆள் பற்றாக்குறைன்னு நேத்து கோப்புக்கெல்லாம் பின் அடிச்சது பிரிவுத் தலைவர்கள்தான். அந்த நாட்டுக் கோப்புக்குப் பின் அடிச்சது அவங்க. இதோ, உங்க அறிக்கை.”

தட்டச்சு செய்த அறிக்கை தயாராக இருந்தது. ‘விசாரித்ததில் குற்றம் உறுதியானது’ என்று முடிந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“இவ்வளவு நல்லா விசாரிச்சிருக்கோமே அண்ணி, எப்ப விசாரிச்சோம்?” என்றார் மாப்பிள்ளை.

“இருபத்தாறு வருஷ சர்வீஸ் அவங்களுக்கு” என்றார் சிக்கனம், சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்ட குரலில். “மூணு மாசத்துல ஓய்வு. இன்னிக்கே டிஸ்மிஸ் பண்ணிட்டா ஓய்வூதியமும் மிச்சம்.”

மாப்பிள்ளைக்கு அந்த மிச்சம் என்ற சொல் குமட்டியது. கம்பளத்தில் காறித் துப்பலாமா என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்தார். அண்ணியோ அறிக்கையையும் நகலையும் பைக்குள் வைத்துக்கொண்டு, “ரெண்டு மணிக்கு மண்டபத்துலயே படிச்சுடறேன்” என்று எழுந்துவிட்டார்.

படிக்கட்டுத் திருப்பத்தில் மாப்பிள்ளை பொரிந்து தள்ளினார். “என்ன அண்ணி, தலையாட்டிட்டு வந்துட்டீங்க? அந்த ஆளோட மூஞ்சியப் பாத்தாலே குளிக்கணும் போல இருக்கு!”

“குளிக்கலாம். அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. எழுத்துக்கு நடுவுல சாம்பல் நிறத்துல ஏதோ தெரியுதே?”

நகலில், வரிகளுக்கு இடையே மங்கலாக நிழல் போலச் சில கீற்றுகள். மாப்பிள்ளை தாளைப் பின்புறமாகத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் அழுத்தினார். வெயில் ஊடுருவியதும் கீற்றுகள் நேரான எழுத்துகளாயின. “‘பொருள் 3: கழிவறைத் தாள் பயன்பாட்டைக் குறைத்தல்.’ அட! கூட்டத்தோட நிகழ்ச்சி நிரல் இது!”

“அப்ப?”

“மூலத்தாள் ரெண்டு பக்கமும் அச்சான தாள். நகலெடுக்கும்போது பின்பக்க எழுத்தும் லேசா விழுந்திருக்கு. யாரும் தனியா சொருகல அண்ணி. நிகழ்ச்சி நிரலே இந்த வரைவோட பின்னாடிதான் அச்சாகியிருக்கு!”

“நகல் அறை எங்கன்னு கேளுங்க” என்றார் அண்ணி.

அது இரண்டாம் மாடியில், கழிவறைக்கு எதிரே இருந்தது. ஜெராக்ஸ்காரர் இவர்களைக் கண்டதும் அறையைச் சாத்தப் பார்த்தார். மாப்பிள்ளை காலை நுழைத்தார்.

“பிரதிநிதிகளோட கோப்புக்குப் பழைய பேப்பர்லயா அச்சடிச்சீங்க?” என்றார் அண்ணி.

“புது பேப்பர் தீர்ந்து மூணு வாரமாச்சும்மா. கேட்டா, சுற்றறிக்கையப் படின்னுட்டாங்க.” சுவரைக் காட்டினார். ‘ஒரு பக்கம் காலியான தாள்களையே பயன்படுத்த வேண்டும். யாருக்கும் விதிவிலக்கு இல்லை.’ அதே கையெழுத்து. “யாருக்கும்னு போட்டிருக்காங்களே. அப்ப பிரதிநிதிங்களுக்கும் அதானேன்னு அடிச்சிட்டேன். என் வேலை போயிடுமா?”

“உங்க வேலை போகாது. அந்த ஒரு பக்கத் தாள் எல்லாம் எங்கேயிருந்து வருது?”

“எல்லாம் ஆறாவது மாடிலேருந்துதான். சார் ரூம் தட்டுலேருந்து.”

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு பீறிட்டது. ரகசிய வரைவைத் தன் கையாலேயே பழைய தாள் தட்டில் போட்டு, தன் சுற்றறிக்கையாலேயே அதை ஊருக்கு விநியோகித்திருக்கிறார் மனிதர்! “அண்ணி, குற்றவாளி கிடைச்சாச்சு. கைவிலங்கு வேணாம், அவரோட சிக்கனத்தையே கையில மாட்டிடலாம்.”

அண்ணி சிரிக்கவில்லை. தட்டில் மிச்சமிருந்த தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டும் வேகம் குறைந்தது. பிறகு நின்றது. ஒரு தாளை மாப்பிள்ளையிடம் நீட்டினார். கையால் எழுதிய கடிதம்.

‘ஐயா, என் தம்பி போன மழைக்காலத்தில் மீன்பிடிப் படகில் போனான். வலது புருவத்தில் தழும்பு உண்டு. பாடச் சொன்னால் வெட்கப்படுவான். அவன் கிடைத்தால், அம்மா கோபமாக இல்லை என்று மட்டும் சொல்லவும்.’

அடுத்ததும் கடிதம். அதற்கடுத்ததும். தட்டில் பாதிக்கு மேல் கடிதங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு முத்திரை: ‘ஒரு பக்கம் காலி.’

“இதெல்லாம் பழசு தானே?” என்று கேட்டார் மாப்பிள்ளை. கேட்கும்போதே தேதி கண்ணில் பட்டுவிட்டது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவருக்குச் சிரித்த வாயே கசந்தது.

அடித்தளத்தில் ஈர வாடை. ஆளுயர அலமாரிகள், அவற்றில் அட்டைகள், அட்டைகளில் பெயர்கள். அட்டையம்மா ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டையும் முடிச்சிட்ட கொண்டையுமாக நாற்காலியிலிருந்து எழுந்து வரவேற்றார். தன்மேல் விழுந்திருக்கும் பழி அவருக்குத் தெரியாது. ஏழாம் பொருள் தெரியும்.

“எங்கள மூடறாங்கன்னு வருத்தம்தான், இல்லன்னு சொல்லல” என்றார். “ஆனா நியாயம் இருக்குதேம்மா. முன்னால ஒரு நாளைக்கு நூறு கடிதம் வரும். நாலு மாசமா வாரத்துக்கு மூணு வந்தாலே அதிகம். மொதல்ல பயந்தேன். அப்பறம் சண்டையெல்லாம் ஓய்ஞ்சு ஜனங்க வீட்டோட இருக்காங்க போலன்னு நினைச்சேன். உண்மையச் சொல்லணும்னா, சந்தோஷப்பட்டேன். இவங்களுக்கெல்லாம் கேக்கூட வாங்கிக் குடுத்தேன்.”

பின்னால் இருந்த மூன்று ஊழியர்களும் தலையாட்டினார்கள்.

மாப்பிள்ளை கையிலிருந்த கடிதக் கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எங்காவது ஓடிவிடலாமென்று இருந்தது. அண்ணிதான் அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். நடந்ததை நான்கே வாக்கியங்களில் சொன்னார்.

அட்டையம்மா முதல் கடிதத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். “நேத்து என் கையாலயே பின் அடிச்சேன். ஒரு தாளக்கூட திருப்பிப் பாக்கலியே” என்றார். அழுவார் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, புது அட்டை ஒன்றை எடுத்து ‘வலது புருவத்தில் தழும்பு’ என்று எழுத ஆரம்பித்தார். எழுத்து கோணியது. அந்த அட்டையைக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தார்.

“கூட்டத்துக்கு வாங்கம்மா” என்றார் அண்ணி. “உங்க கடிதம் இன்னும் நிறைய மேல இருக்கு.”

ஆறாவது மாடி மண்டபத்தில் மட்டும் எல்லா விளக்கும் எரிந்தது. நாற்பத்திரண்டு பிரதிநிதிகள், நாற்பத்திரண்டு தண்ணீர்க் குவளைகள். ஏழாம் பொருளின் முறை வந்ததும் சிக்கனம் எழுந்து, தனியார் துப்பறிவாளர் ஒருவர் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், அதை இப்போது அவரே வாசிப்பார் என்றும் தேனொழுகச் சொன்னார்.

அண்ணி ஒலிவாங்கிமுன் நின்றார். “அறிக்கை எதுக்குங்க? உங்க கோப்புலயே இருக்கு. ஏழாம் பொருள் இருக்கிற தாள எடுத்து, எல்லாரும் ஒரு தடவை திருப்பிப் பாருங்க.”

நாற்பத்திரண்டு தாள்கள் சலசலத்தன.

மாப்பிள்ளை வரிசைகளுக்கு நடுவே நடந்தார். ஒரு தகப்பன் எழுதிய கடிதத்தில் குவளை வைத்த ஈர வட்டம். இன்னொன்றின் விளிம்பில் பொழுது போகாமல் யாரோ மீன் படம் போட்டிருந்தார்கள். ஒரு கனவான் மென்று முடித்த சூயிங்கத்தை ஒரு கடிதத்தின் மூலையைக் கிழித்து அதில் சுருட்டி வைத்திருந்தார். மாப்பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கனவான் அந்த உருண்டையை மெதுவாகப் பிரிக்கத் தொடங்கினார்.

“கடிதம் வர்றது நிக்கல” என்றார் அண்ணி. “நாலு மாசமா அஞ்சல் பை அடித்தளத்துக்குப் போகாம நேரா ஆறாவது மாடிக்குப் போயிருக்கு. கடிதம் வரலன்னு காட்டினா பிரிவை மூடலாம். பிரிவை மூடினா பதவிக்குச் சம்பளம் கிடைக்கும். அந்தப் பதவிக்கு, பாய்மரப் படகு ஓட்டின ஒரு சம்பந்தி காத்துக்கிட்டிருக்கார். அவரோட தகுதி வரைவும் அதே தட்டுல விழுந்து, இந்தத் தீவு நாட்டம்மாவோட கோப்புக்கு வந்துடுச்சு. யாரும் சொருகல. எல்லாம் இவரோட சுற்றறிக்கை பண்ணின வேலை.”

சிக்கனத்தின் நாலு பல்லும் காணாமல் போயின. “நிர்வாகக் குழப்பம்... கவனக்குறைவு...” என்று பூசி மெழுகப் பார்த்தார்.

கூட்டத்தின் தலைவர் தொண்டையைச் செருமினார். ஏழாம் பொருள் நீக்கப்படுகிறது, தேடல் பிரிவு தொடரும், நிர்வாக இயக்குநர் உடல்நலம் கருதிச் சம்பளத்தோடு விடுப்பில் செல்வார் என்று ஒரே மூச்சில் அறிவித்தார். “அடுத்து, எட்டாம் பொருள்.”

“சம்பளத்தோட!” என்று பல்லைக் கடித்தார் மாப்பிள்ளை. “வந்த குப்பைய வாரி, கம்பளத்துக்கு அடியில தள்ளி, மேல நடந்துட்டாங்க அண்ணி.”

அட்டையம்மா எதையும் கேட்கவில்லை. முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு தாளாக வாங்கிச் சேர்த்துக்கொண்டே வந்தார். தலைவர் மணியைத் தட்டினார். “அம்மா, அது கூட்ட நிகழ்ச்சி நிரல். மண்டபத்த விட்டு வெளிய கொண்டுபோக விதியில்ல.”

“உங்க நிகழ்ச்சி நிரல் பின்பக்கம்தாங்க” என்றார் அட்டையம்மா. “முன்பக்கம் எங்களுக்கு வந்த கடிதம்.”

யாரும் தடுக்கவில்லை. சேர்த்து முடித்துத் தட்டியடுக்கியவர், எண்ணிப் பார்த்துவிட்டு முகம் மாறினார். “இதையும் நகல் அறைத் தட்டுல இருந்ததையும் சேத்தா முந்நூறுதானே வருது? நாலு மாசத்துக்கு ஆயிரக்கணக்குல வந்திருக்கணும். ரெண்டு பக்கமும் எழுதின கடிதமெல்லாம் எங்க?”

அண்ணி சட்டென்று சிக்கனத்தின் பக்கம் திரும்பினார். “வேற வருமானம் பாத்து வெச்சிருக்கேன்னு காலைல சொன்னீங்களே. என்ன வருமானம் அது?”

சிக்கனம் தண்ணீர்க் குவளையை எடுத்தார், வைத்தார். “பயன்படாத காகித விற்பனை” என்றார், தரையைப் பார்த்து.

“எப்ப?”

“வாரா வாரம். வியாழக்கிழமை.”

அன்று வியாழக்கிழமை.

மாப்பிள்ளை தன் வாழ்நாளில் படிகளை அப்படி இறங்கியதில்லை. ஆறு மாடியும் எப்படிக் கடந்தன என்று தெரியாது. முன்னால் ஓடியது அட்டையம்மா. பின்வாசலில் பழைய காகித லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் நேராகப் போய் அதன் முகப்பில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளுவதுபோல நின்றுவிட்டார். லாரிக்காரர் அலறிக்கொண்டு பிரேக் போட்டார்.

“உசுரு மேல ஆசையில்லையாம்மா? இன்னும் ஒரு அடி போயிருந்தா...”

“மூட்டைய இறக்குங்க. அது எங்க கடிதம்.”

நான்கு மூட்டைகள் இறங்கின. பிரித்ததும் கடிதங்கள் சரிந்தன. இந்த வாரத்துக் கடிதங்கள் மட்டும்.

“மத்த வாரத்து மூட்டையெல்லாம் எங்கண்ணே?” என்று கேட்டார் மாப்பிள்ளை, மூச்சு வாங்கிக்கொண்டே.

லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். “மில்லுக்குப் போயிடுச்சு. கூழாக்கி முட்டைத் தட்டு பண்ணுவாங்க.”

மாப்பிள்ளை குனிந்து, சரிந்த கடிதங்களை அள்ளத் தொடங்கினார்.

“ஆனா ஒண்ணும்மா” என்றார் லாரிக்காரர், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் குரலில். “போட்டோ ஒட்டின கடிதத்த மில்லுல எடுக்க மாட்டாங்க. மெஷின்ல சிக்கும்பாங்க. அதையெல்லாம் தனியா பொறுக்கணும். பொறுக்கினதத் தூக்கிப் போடத்தான் நினைச்சேன். சின்னப் புள்ளைங்க மூஞ்சியெல்லாம் இருக்கு, எப்படிப் போடறது? வண்டியிலயே வெச்சிருக்கேன்.”

இருக்கைக்குப் பின்னால் கைவிட்டு ஒரு சாக்கை இழுத்தார். நானூறு கடிதம் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். நாற்பத்திரண்டு நாடுகள் சேர்ந்து செய்ய முடியாததை, மாதக் கடைசியில் டீசல் போடவே திண்டாடும் ஒரு மனிதர் செய்து வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. மேலே ஆறாவது மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அட்டையம்மா அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து சாக்கைப் பிரித்தார். அண்ணியும் சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தேதிவாரியாக இருவரும் பிரித்து அடுக்கினார்கள்.

“போட்டோ ஒட்டாதவங்க திரும்ப எழுதுவாங்கம்மா” என்றார் மாப்பிள்ளை. எதையாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது அவருக்கு. “பதில் வரலன்னா, மறுபடியும் எழுதித்தானே ஆகணும்?”

அட்டையம்மா தலை நிமிராமல் சொன்னார்: “எழுத மாட்டாங்க தம்பி. இருபத்தாறு வருஷமா நாங்க பதில் போடாம இருந்ததே இல்ல. இந்தத் தடவை போடலன்னா, தேடிப் பாத்து, உயிரோட இல்லன்னு தெரிஞ்சு, சொல்ல மனசு வராம விட்டுட்டோம்னு நினைச்சிருப்பாங்க. இந்நேரம் காரியம்கூட பண்ணி முடிச்சிருப்பாங்க.”

அவர் சாக்கின் வாயைக் கட்டினார்.

“ஒரு பக்கம் பிடிங்க தம்பி. இருட்டறதுக்குள்ள நூறு பேருக்காவது எழுதிடணும்.”